வீட்டு வளவிற் சோலை: மாரியும் கோடையும் தரும் அழகும் பயனும்

கமக்காரரின் நிலம் வயலோடும் தோட்டத்தோடும் முடிந்துவிடுவதில்லை. வீடு அமைந்துள்ள வளவும் அந்நிலத்தின் ஒரு பகுதியே. ஆயினும், வயலை உழுது பண்படுத்தும் கமக்காரருட் பலர் வளவைப் பற்றிச் சிந்திப்பது குறைவு. வளவில் நிற்கும் மரங்கள் தாமே முளைத்தவை, தாமே வளர்பவை, நிழலைவிட வேறு பயன் தராதவை என்பது பொதுவான எண்ணமாகும். வீடு திருத்தவோ மதில் கட்டவோ பணம் வேண்டியவிடத்து முதலில் வீழ்வதும் வளவின் மரமே.

மரம் வீழ்ந்த பின்னரே அதன் அருமை தெரியவருகிறது. முற்றம் கொதிக்கிறது, கிணற்றடி வாழை காற்றிற் கிழிகிறது, கத்தரிப் பாத்திக்குப் போடச் சருகு கிடைப்பதில்லை, குழை வேண்டின் அயல் ஊருக்கு வண்டி அனுப்ப வேண்டியதாகிறது. ஒரு நாளில் வெட்டப்பட்ட மரத்தை மீண்டும் பெறுவதற்கு இருபது ஆண்டுகள் செல்லும்.

வளவின் மரங்களைக் காட்டின் முறைப்படி அடுக்கி ஒரு சிறு சோலையாக வளர்ப்பின், ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் ஒரு பூவோ பழமோ அங்கே காணப்படும். அதனோடு வயலுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய குழை, மூடுபடை, பூச்சிகொல்லி ஆகியனவும் அங்கிருந்தே கிடைக்கும். இலங்கையின் உலர் வலயத்து வளவுகளில், சிறப்பாக வன்னி, யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில், இத்தகைய சோலையைப் பேணும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

காட்டின் அடுக்கு முறை

கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்கள் பெயர் பெற்றவை. பலாவும் கமுகும் மேலே நிற்க, அவற்றின் கீழ்க் கிராம்பு, சாதிக்காய், கோப்பி ஆகியன வளர, மிளகுக் கொடி மரங்களைப் பற்றி ஏறும். ஆண்டு முழுவதும் மழை பெறும் நிலத்துக்கு அப்பயிர்கள் பொருந்தும். உலர் வலயத்திலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலேயே பெய்துவிடுகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு சிறு மழையுண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வறட்சியும் காற்றுமே. ஆகவே கண்டித் தோட்டத்தின் பயிர்களை இங்கே நடுவதாற் பயனில்லை. அதன் அடுக்கு முறையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, உலர் வலயத்துக் காட்டுக்கு உரிய மரங்களை அவ்வடுக்குகளில் அமைத்தல் வேண்டும்.

காட்டில் நான்கு அடுக்குகள் உள்ளன. மேலடுக்கிற் பாலை, முதிரை, இலுப்பை, வேம்பு, மருது, வாகை, நாவல் போன்ற பெருமரங்கள் நிற்கின்றன. இரண்டாம் அடுக்கிற் கொன்றை, மகிழ், விளா, பூவரசு போன்ற நடுத்தர மரங்கள் வளர்கின்றன. மூன்றாம் அடுக்கு நொச்சி, ஆடாதோடை, கறிவேம்பு, எலுமிச்சை, மாதுளை ஆகிய செடிகளும் குறுமரங்களும் நிற்குமிடம். நிலத்தில் சருகும், அதனிடையே வல்லாரை, தூதுவளை, கற்பூரவள்ளி போன்ற பூண்டுகளும், வேலியிற் பிரண்டை, முசுட்டை, குறிஞ்சா ஆகிய கொடிகளும் உள்ளன.

இவ்வடுக்குகள் ஒன்றையொன்று காக்கின்றன. மேலே நிற்கும் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. கீழே கிடக்கும் சருகு மண் கரைந்தோடுவதைத் தடுத்து, நீர் மெல்ல நிலத்தினுள் இறங்குவதற்கு வழி செய்கிறது. கோடையில் அச்சருகே ஈரம் ஆவியாகாமல் நிலத்தை மூடுகிறது. உலர் வலயத்தின் செங்கபில மண் வெயிலிற் கல்லைப்போல் இறுகும் இயல்புடையது. அத்தகைய மண்ணுக்குச் சருகைப் போன்ற காப்பு வேறில்லை.

மாரிக்காலம்: ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை

முதல் மழை விழுந்து சில வாரங்களுள் வேலியோரங்களிற் கார்த்திகைப்பூ மலர்கிறது. கோடை முழுவதும் நிலத்தினுட் கிழங்காய் உறங்கிக் கிடந்த இக்கொடி, மழையின் ஈரம் பட்டதும் முளைவிட்டு, தன் இலை நுனிகளையே பற்றுக்கம்பிகளாகச் சுருட்டிக்கொண்டு அயலிலுள்ள செடிகளின்மேல் ஏறுகிறது. மலரின் இதழ்கள் முதலிற் பச்சையும் மஞ்சளுமாய்த் தோன்றி, நாட் செல்லச் செல்லச் சிவந்து, தீச்சுடர்போல் மேல்நோக்கி வளைகின்றன. உலர் வலயத்து மாரியில் இதனினும் அழகிய பூவைக் காண்பதரிது.

அழகு மிக்க இக்கொடி கொடிய நஞ்சும் உடையது. இதன் கிழங்கில் உள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு உயிரைப் போக்க வல்லது. கலப்பை வடிவினதாகையால் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயருண்டு. வற்றாளங்கிழங்கு எனவோ வேறு வள்ளிக்கிழங்கு எனவோ தவறாக எண்ணி இதனை அவித்துண்டு இறந்தோர் இந்நாட்டில் உளர். உண்ட சில மணி நேரத்தின் பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்குமாதலால், உண்டவர் முதலில் ஆபத்தை உணர்வதில்லை. கார்த்திகைக் கொடி நிற்குமிடத்தில் உண்ணுங் கிழங்கு எதனையும் நடுதல் ஆகாது. கொடி காய்ந்த பின்னரும் அவ்விடம் தெரியும்படி ஒரு கல்லோ தடியோ நாட்டி வைத்தல் வேண்டும். வீட்டுச் சிறுவர்க்கு அதனைக் காட்டி விளக்குதலும் அவசியம். எவரேனும் உண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால், வாந்தி தொடங்கும்வரை காத்திராது, எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இக்காலத்திலேயே ஆறுமணிக்குருவி வளவுக்கு வருகிறது. பச்சை முதுகும் செந்நிற அடிவயிறும் குறுகிய வாலும் உடைய இப்பறவை, இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய பகுதிகளிலும் குஞ்சு பொரித்து, மாரி தொடங்கும் பருவத்தில் இலங்கைக்கு வந்து, சித்திரை அளவில் மீண்டு செல்வது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. நிழலடியிற் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்பதே இதன் தொழில். சருகு முழுவதையும் கூட்டி எரித்த வளவில் இதற்கு இரையில்லை. வளவின் மண் உயிருடன் இருக்கிறது என்பதற்கு இக்குருவியின் வரவே ஓர் அறிகுறி எனலாம்.

மழை தொடங்கியதும் மரக்கன்று நடுவதற்கு ஏற்ற காலமாகும். ஐப்பசியில் நட்ட கன்று, கோடை வருமுன் வேரை ஆழச் செலுத்திக்கொள்ளும். தை மாதத்தில் நட்ட கன்றுக்கோ கோடை முழுவதும் நீர் ஊற்ற நேரிடும். முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, வல்லாரை ஆகிய இலைக்கறிகளும் இப்பருவத்திலேயே தளிர்த்துச் செழிக்கின்றன. தோட்டத்துக் காய்கறி வெள்ளத்தால் அழியும் ஆண்டுகளில் வேலியிலுள்ள இவ்விலைகள் வீட்டுக் கறிச்சட்டிக்கு உதவுவன.

பனிக்காலம்: தை, மாசி

மழை ஓய்ந்து காலையிற் பனி விழும் இம்மாதங்களில் வளவின் தோற்றம் மாறுகிறது. வாகை தன் இலைகளை முற்றாக உதிர்த்துவிட்டு, உலர்ந்த காய்களைக் காற்றிற் சலசலக்கவிட்டு நிற்கிறது. முள்முருக்கு இலையற்ற கிளைகளிற் செந்நிறப் பூக்களைக் கொள்கிறது. அப்பூக்களின் தேனை நாடி மைனாவும் கிளியும் காகமும் வருகின்றன.

வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையாகிய கிளிரிசீடியாவும் இப்பருவத்தில் இளஞ்சிவப்பு நிறத்திற் பூப்பது. ஆனால் அடிக்கடி வெட்டப்படும் வேலியில் இப்பூவைக் காண இயலாது. முற்றிய கிளையிலேயே இது பூக்குமாதலால், வேலியில் ஆங்காங்கு ஒரு மரத்தை வெட்டாது விடுதல் நன்று. வேறு பூக்கள் குறைந்த காலத்தில் தேனீக்களுக்கு அது உணவாகும், விதைக்கும் உதவும். இம்மரத்தின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாகும். இதன் இலத்தீன் பெயருக்கு எலியைக் கொல்வது என்பது பொருள். இதன் விதையையும் பட்டையையும் அந்நாடுகளில் எலி நஞ்சாகப் பயன்படுத்தியமையே அப்பெயருக்குக் காரணம்.

மாசியளவில் இலுப்பை பழைய இலைகளை உதிர்த்துச் செம்புநிறத் தளிர் கொள்கிறது. அதனோடு பூக்கும் பூக்கள் சதைப்பற்றும் இனிமையும் உடையவை. இரவில் வௌவால்கள் அவற்றை நாடி வர, விடியற்காலையிற் பூக்கள் நிலத்திற் கொட்டிக் கிடக்கும். பின்னர் வரும் விதையிலிருந்து எண்ணெயும், எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கும் கிடைக்கின்றன. கோயில் விளக்குக்கு எண்ணெயும் தலைமுழுகப் பிண்ணாக்குமாக இம்மரம் ஊருக்கு நெடுங்காலம் உதவியது. இப்பிண்ணாக்கு மீன்களுக்கு நஞ்சாகையால் குளத்திலோ வாய்க்காலிலோ கலக்கவிடுதல் கூடாது.

உதிரும் சருகைச் சேர்க்கும் காலமும் இதுவே. சருகை எரிப்பின் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். வீட்டைச் சுற்றி மூன்று மீற்றர் அகலத்துக்குச் சருகைக் கூட்டி நிலத்தை வெறுமையாக வைத்தல் போதுமானது. பாம்பும் தேளும் வீட்டை அண்டாதிருப்பதற்கு இது வேண்டும். கூட்டிய சருகைக் கூட்டெருக் கிடங்கிலோ மிளகாய், கத்தரிப் பாத்திகளில் மூடுபடையாகவோ இடலாம். சருகினிடையே கிடக்கும் சிரட்டை, தகரப்பேணி ஆகியவற்றை மாத்திரம் அகற்றிவிடுதல் வேண்டும். அவற்றில் தேங்கும் நீரிலேயே டெங்கு நுளம்பு பெருகுகிறது.

இளவேனில்: பங்குனி, சித்திரை

வேம்பு பூத்து வளவெங்கும் மணம் பரப்பும் காலம் இது. உதிரும் பூவைப் பாய்விரித்துச் சேர்த்து உலர்த்தி வைத்தால், ஆண்டு முழுவதற்கும் வடகத்துக்கு உதவும். இதனையடுத்துக் கொன்றை மலர்கிறது. பொன்னிறப் பூச்சரங்கள் கிளைதோறும் தொங்க, மரத்தின் இலைகள் மறைந்துவிடும். நிலம் காய்ந்து பசுமை குன்றிய நாட்களில் இது மலர்வதனால் நெடுந்தூரத்துக்குத் தெரியும்.

கொன்றை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அகத்தி, கிளிரிசீடியா போன்று வேர்முடிச்சுக்களைக் கொள்வதில்லை. ஆதலின் அது காற்றிலுள்ள நைதரசனை நிலத்திற் சேர்ப்பதில்லை. பசளை கருதி இதனை நடுதல் வேண்டியதில்லை. அழகின் பொருட்டு வாயிலோரத்தில் ஒரு மரம் போதும். அதன் தளிரை மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்பதுண்டு. அப்புழுக்கள் கத்தரியையோ மிளகாயையோ தாக்குவனவல்ல; அவற்றுக்கு மருந்தடிப்பது வீண்செலவாகும்.

பூக்கள் மிகுந்த இப்பருவத்தில் வளவின் தேனீக்கள் பெருகுகின்றன. இது தோட்டக்காரருக்கு நேரான நன்மை தருவது. பூசணியிலும் பாகலிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைப் பூச்சிகள் பெண் பூவுக்குக் கொண்டு செல்லாவிடிற் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். பூசணிப் பூ காலையில் விரிந்து நண்பகலுக்கு முன் வாடுமாதலால் அதற்குத் தேனீ வேண்டும். புடோலின் வெண்ணிறப் பூ மாலையில் விரிந்து அந்துப்பூச்சிகளை எதிர்நோக்குவது. பழைய மரப்பொந்துகளிலேயே தேனீக்கள் கூடுகட்டுகின்றன. நெல்வயலில் எலிபிடிக்கும் கூகையும் ஆந்தையும் தங்குவதும் அத்தகைய பொந்துகளிலேயே. வீட்டுக்கு ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் முதிய மரத்தை, காய்ப்பு நின்றுவிட்டது என்னும் காரணத்துக்காக வெட்டுதல் தகாது.

சோழகக் காலம்: வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை

தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை யாழ்ப்பாணத்திற் சோழகம் என்பர். மட்டக்களப்பிற் கச்சான் என்பர். மழையைக் கொணராது நிலத்தின் ஈரத்தைக் கவர்ந்து செல்லும் காற்று இது. இக்காலத்திலேயே காட்டு மரங்கள் பழங்களைத் தருகின்றன. ஆனி, ஆடி மாதங்களிற் பாலைப்பழம் பொன்மஞ்சளாய்க் கனிகிறது. உண்பவரின் உதடு அதன் பாலினால் ஒட்டிக்கொள்வதைச் சிறுவர் நன்கறிவர். காட்டிற் கரடி இப்பழத்தை நாடிப் பாலையின் உச்சிக்கே ஏறும். பாலை மிக மெதுவாக வளர்வது. நட்டவர் பிள்ளைகளே அதன் முழுப்பயனையும் காண்பர். ஆயினும் அதன் கன்றுக்கு இன்னொரு பயனுண்டு. சப்போட்டாவை ஒட்டுவதற்கு அடிக்கட்டையாகப் பாலைக் கன்றே பயன்படுகிறது.

பாலையை அடுத்து நாவல் கனிகிறது. பின்னர் ஆவணியளவில் விளாம்பழம் உதிரத் தொடங்கும். வேப்பம்பழமும் ஆனி, ஆடி மாதங்களில் மரத்தடியிற் கொட்டும். இதனை வீணாக்காது பொறுக்கிச் சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி வைத்தல் வேண்டும். வேப்பம் பருப்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருளை விஞ்ஞானிகள் 1968 ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தனர். அது புழுக்களை உணவில் வெறுப்புறச் செய்து, அவை தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. 500 கிராம் பருப்பை இடித்து, 10 லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளித்தல் வேண்டும். வெயிலில் இதன் வலிமை கெடுமாதலால் மாலையிற் தெளிப்பதே முறை. வடித்த நீரை அன்றே பயன்படுத்துதல் வேண்டும்.

சோழகத்தைத் தடுப்பதற்கு வளவின் தென்மேற்கு எல்லையில் மரவரிசை அமைத்தல் நன்று. நெருங்கி நிற்கும் மரவரிசை, தன் உயரத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்க வல்லது. மதில் இப்பணியைச் செவ்வனே செய்வதில்லை. மதிலில் மோதும் காற்று மேலெழுந்து அப்பாற் சுழன்று விழும். இலையினூடு செல்லும் காற்றோ வேகம் குறைந்து வெளிவரும். பூவரசும் வேம்பும் மேலே நிற்க, கிளுவையும் ஆடாதோடையும் கீழிருந்து அடைக்கும் உயிர்வேலி, மதிலினும் குறைந்த செலவிற் கூடிய பயன் தருவது.

குழையும் பசளையும்

தோட்ட நிலத்திற் கிடங்கு வெட்டிக் குழை தாழ்த்துதல் யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் பழைய வழக்கம். பூவரசு, வாகை, முள்முருக்கு, கிளிரிசீடியா ஆகியவற்றின் குழை இதற்கு ஏற்றது. கிளிரிசீடியா, தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் குழை விரைவில் உக்குவதும் நைதரசன் மிகுந்ததுமாகும். ஏறத்தாழ 1,000 கிலோகிராம் பச்சைக் குழையில் 7 கிலோகிராம் அளவு நைதரசன் உண்டு. இது 15 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமமாகும். அதனோடு பொற்றாசியமும் கிடைக்கிறது. மண்ணுக்கு உக்கலும் சேர்கிறது. யூரியா மண்ணுக்கு உக்கல் தருவதில்லை.

நெல் வயலில் இறுதிச் சேறடிப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன் குழையை இட்டு உழுதுவிடல் வேண்டும். உக்காத குழையின் மேல் விதைப்பின் நாற்று மஞ்சளாகும். காய்கறித் தோட்டத்தில் பாத்தியின் ஓரத்தே கிடங்கு வெட்டித் தாழ்த்தலாம். பூவரசின் குழை உக்குவதற்குச் சற்றுக் கூடிய நாள் வேண்டும்.

வளவின் குழை மாத்திரம் ஒரு வயலின் பசளைத் தேவை முழுவதையும் நிறைவேற்றும் எனக் கருதுதல் தவறு. மேற்காட்டிய கணக்கிலிருந்தே அது விளங்கும். ஆயினும், இரசாயனப் பசளை இறக்குமதி 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை கமக்காரர் பட்ட இடர் யாவரும் அறிந்ததே. அப்பொழுது வேலியிற் குழை உடையோர் ஓரளவேனும் தோட்டத்தைக் காத்துக்கொண்டனர். வேலியை முன்னரே வெட்டி மதில் எழுப்பியோருக்கு அவ்வழியும் இல்லாது போயிற்று. குழைமரத்தைத் தேவை வந்த மாதத்தில் நட்டுப் பயன் காண இயலாது.

நிழலின் அளவு

சோலை நன்றெனினும், காய்கறிக்கு வெயில் வேண்டும். மிளகாய், தக்காளி, வெங்காயம், வெண்டி ஆகியன பெருமரத்தின் நிழலிற் காய்ப்பதில்லை. ஆகவே பாத்திகளைச் சோலையின் கிழக்குப் புறத்தில் அமைத்தல் நன்று. அவற்றுக்குக் காலை வெயில் முழுமையாகக் கிடைக்கும். பிற்பகலின் கடும் வெயிலை மரங்கள் தடுக்கும். மரத்தின் வேர் பாத்தியின் நீரையும் பசளையையும் கவராதிருக்க, இடையில் 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு கான் வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அதனிற் புகும் வேர்களை அறுத்துவிடல் வேண்டும். அக்கானையே குழை தாழ்த்தும் கிடங்காகவும் கொள்ளலாம்.

புளியின் கீழ் அடர்ந்த நிழலிற் பயிர் செழிப்பதில்லை. அதனை வளவின் மூலையிலேயே நடுதல் வேண்டும். பெருமரங்களுக்கு இடையில் 10 மீற்றருக்குக் குறையாத இடைவெளி விடுதல் நன்று. வீட்டுக் கூரையின்மேல் நீண்ட கிளைகளை மாரிக்கு முன், புரட்டாதியிலேயே வெட்டிவிடல் வேண்டும். மழைக்காலப் புயலில் முறியும் கிளையே உயிருக்கும் கூரைக்கும் ஆபத்தாவது.

பற்றை மண்டிய வளவைத் திருத்தல்

2009 ஆம் ஆண்டின் பின் தம் ஊர்களுக்கு மீண்ட கமக்காரருட் பலர், பற்றை மூடிய வளவுகளையே கண்டனர். இன்றும் உடையவர் இன்றிக் காடு பற்றிய வளவுகள் உள. இத்தகைய வளவை இயந்திரத்தினால் ஒரே நாளில் வழித்துவிடுவதே பொதுவான வழக்கம். அவ்வாறு செய்வதனால் மேல்மண்ணும் அதனோடு போய்விடுகிறது. பறவைகள் இட்ட விதையிலிருந்து வேம்பும் நாவலும் பாலையும் பற்றையினுள்ளே தாமே முளைத்து நிற்பதுண்டு. விலைகொடுத்து வாங்கும் கன்றைவிட ஆழ வேரோடிய மரங்கள் அவை. முதலில் வளவைச் சுற்றி நடந்து, நிற்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பினால் அடையாளமிட்டு, அதன் பின்னரே பற்றையை வெட்டத் தொடங்குதல் வேண்டும். கிணற்றின் அருகிலும் வீட்டின் சுவரருகிலும் நிற்பவற்றை மாத்திரம் நீக்கலாம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுதலை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வெறும் வளவிற் புதிதாகத் தொடங்குவோர் முதலாம் ஆண்டில் வேலியை அமைத்தல் வேண்டும். ஒரு மீற்றர் நீளமும் பெருவிரலிலும் பருத்த முற்றிய தடியுமாகக் கிளிரிசீடியாவையும் பூவரசையும் கிளுவையையும் மழைக்கு முன் நாட்டினால் அவை வேர்கொள்ளும். இரண்டாம் ஆண்டின் மாரியில் வேம்பு, இலுப்பை, நாவல் ஆகியவற்றை 60 சென்ரிமீற்றர் நீள அகல ஆழமுள்ள குழிகளில் மேல்மண்ணும் கூட்டெருவும் இட்டு நடலாம். வேப்பம் விதை சில வாரங்களில் முளைக்குந் திறனை இழக்குமாதலால், பொறுக்கிய உடனே நாற்றுப்பையில் இடல் வேண்டும். கொன்றை விதையின் தோல் கடினமானது. ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்து ஊறவிட்டு இடின் எளிதில் முளைக்கும். மரங்கள் தலைக்குமேல் உயர்ந்த பின்னர், அவற்றின் நிழலில் மூன்றாம் அடுக்கின் செடிகளையும் வேலியின் கொடிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வாறு அமைந்த வளவில், கார்த்திகையில் ஒரு பூவும், மாசியில் ஒரு தளிரும், சித்திரையில் ஒரு பொற்சரமும், ஆனியில் ஒரு பழமும் தவறாது தோன்றும். ஒவ்வொன்றும் அவ்வப்பருவத்தின் வேலையைக் கமக்காரருக்கு நினைவூட்டுவது: கார்த்திகைப்பூ தோன்றும் நாளில் கன்று நட்டு முடிந்திருத்தல் வேண்டும், இலுப்பை தளிர்க்கையிற் சருகு சேர்த்தல் வேண்டும், வேம்பு பழுக்கையில் விதை பொறுக்குதல் வேண்டும். அடுத்த மாரிக்கு நடவேண்டிய கன்றுகள் பற்றியும் வேலித் தடிகள் பற்றியும் அவ்வப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளலாம். குழி வெட்டும் வேலையைப் புரட்டாதிக்குள் முடித்துவிடுதல் நன்று.